டோனாவூர் அம்மாவுக்கு, படுக்கையிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். இதைக் கையால் எழுதத்தான் ஆசைப்பட்டேன். பேனா பிடிக்க வரவில்லை. பதினோரு வருடமாகச் சரவாங்கி என்ற மூட்டுநோய். காலை பத்து மணிக்கு மேல்தான் விரல்கள் கொஞ்சம் இளகும். அதுவரைக்கும் டம்ளரைப் பிடிப்பதற்கே இன்னொரு ஆள் வேண்டும். அதனால் போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன்.

ஏமி கார்மைக்கேல் என்ற முழுப் பெயர் எனக்குப் பள்ளி முடித்த பிறகுதான் தெரியும். எங்கள் ஆச்சி உங்களை 'டோனாவூர் அம்மா' என்று மட்டும்தான் சொல்வாள். ஓய்வுநாள் பள்ளியிலும் அப்படித்தான். சேலை கட்டிக்கொண்டு, மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய், பிள்ளைகளைக் காப்பாற்றிய வெள்ளைக்கார அம்மா. எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை முழுக்க நீங்கள் ஓடிக்கொண்டே இருந்தீர்கள். கடைசி இருபது வருடம் ஒரே அறையில் படுத்திருந்ததை ஒருவரும் சொல்லவில்லை. நான் படுத்த பிறகு, நானாகத் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சரி, ஓடிய காலத்திலும் உடம்பு உங்களுக்கு எப்போது ஒத்துழைத்தது? அயர்லாந்தில் மில்லைல் என்ற கடலோர ஊரில் 1867-ல் பிறந்தீர்கள். பதினேழு வயதில் அப்பாவை இழந்தீர்கள். பெல்ஃபாஸ்டில் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்கு நடுவில் ஊழியம் செய்தீர்கள். அப்போதே நரம்புவலி உங்களை வாரக்கணக்கில் படுக்கையில் போட்டிருக்கிறது. சீனாவுக்குப் போகக் கேட்டபோது உடல்நிலை போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். ஜப்பானில் ஒரு வருடத்துக்குச் சற்று மேல் இருந்தீர்கள், அங்கேயும் உடம்பு தாங்கவில்லை. பெங்களூரின் காற்று உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்று ஒரு தோழி எழுதியதால்தான் 1895-ல் இந்தியாவுக்கே வந்தீர்கள். சீனாவுக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட உடம்பு, ஒரு முறைகூட ஊர் திரும்பாமல் இங்கே 55 வருடம் இருந்தது. இதை நான் பல ராத்திரிகள் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

பிரீனா வந்த நாளைப் பற்றி ஆச்சி சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும். 1901 மார்ச், பண்ணைவிளை. ஏழு வயது ஆகியிருக்குமா என்பதே சந்தேகம், அப்படி ஒரு சிறுமி. பொட்டுக்கட்டுவதற்காக, அதாவது கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிடுவதற்காக, கோயில் வீட்டில் விடப்பட்டவள். அதற்கு முன்பே ஒரு முறை தப்பித் தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடியிருக்கிறாள். தாயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். தண்டனையாகக் கையில் சூடு போட்டிருக்கிறார்கள். மறுபடி தப்பியவள் உங்களிடம் வந்து சேர்ந்தாள். அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். அவள் வாயிலிருந்து கேட்டவைதான் உங்கள் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டன. அதற்கு அப்புறம் டோனாவூரில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு வீடு, 1918 முதல் ஆண்பிள்ளைகளுக்கும். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கு, உங்களிடம் வந்து சேர்ந்த நாளையே கொண்டாடினீர்கள். 'வந்த நாள்'. இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும். எந்த வீட்டில் பிறந்தாய் என்று கேட்காமல், எங்கள் வீட்டுக்கு வந்தாயே என்று மகிழ்கிற கொண்டாட்டம் அது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன் அம்மா. எங்கள் ஊர் மக்களையும் அவர்கள் வழிபாட்டையும் பற்றி நீங்கள் எழுதிய சில பக்கங்கள் எனக்குக் கடுமையாகப் படுகின்றன. என் பக்கத்து வீட்டு ராமலட்சுமி அக்கா, நெல்லையப்பர் கோயில் திருநீற்றோடு வந்துதான் எனக்குத் தலைவாரி விடுகிறாள். அவளை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களைப் படிக்க முடியவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து இந்த மண்ணிலேயே போராடியவர்களும் இருந்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் பேசினார், சளைக்காமல் பாடுபட்டார். 1947-ல் சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தபோது நீங்கள் படுக்கையில் இருந்தீர்கள்.

ஆனால் உங்களிடம் எனக்குப் பிடித்தது, நீங்கள் மழுப்பாமல் எழுதியது. 1903-ல் வந்த உங்கள் புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்புக்கே 'உள்ளது உள்ளபடி' என்றுதான் பொருள். ஊழியத்தில் தோல்விதான் அதிகம் என்று எழுதியதால், இன்னும் உற்சாகமாக எழுதக்கூடாதா என்று கையெழுத்துப் பிரதி முதலில் திரும்பி வந்ததாம். நீங்கள் மாற்றவில்லை. பின்னால் வலியைப் பற்றி எழுதியபோதும் அதே கைதான் எழுதியது.

1931-ல் ஒரு நாள். களக்காட்டில் ஊழியர்களுக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போனீர்கள். கழிப்பறைக்கென்று தோண்டிய குழி, தோண்டக்கூடாத இடத்தில் இருந்தது. பொழுது மங்கிவிட்டது. விழுந்தீர்கள். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. 63 வயது. சில வாரங்களில் எழுந்து நடந்துவிடுவீர்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மூட்டுவாதமும் நரம்புவலியும் சேர்ந்துகொண்டன, தூக்கமும் போனது. 1948-ல் அறைக்குள்ளேயே மறுபடி விழுந்தீர்கள்.

1931-ல் குழியில் விழுந்த அன்று காலை, உமக்கு இன்னும் நன்றாக ஊழியம் செய்ய எது உதவுமோ அதை எனக்குச் செய்யும் என்று நீங்கள் ஜெபித்திருந்தீர்கள். சில பிரசங்கிமார் அந்த ஜெபத்தையும் அந்தக் குழியையும் முடிச்சுப் போட்டுப் பேசுவார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. குழியை வெட்டியது மனுஷர், இடம் தவறி வெட்டினார்கள். அதற்குப் பிறகு கர்த்தர் உங்களோடு அந்த அறையில் இருந்தார் என்பதை முழு மனதோடு நம்புகிறேன். குழியை அவர் தோண்டினார் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நோய் வந்த மூன்றாம் வருடம், சபையிலிருந்து சிலர் என்னைப் பார்க்க வந்தார்கள். ஜெபித்தார்கள். போகும்போது ஒருவர் என் கணவரிடம் வாசலில் நின்று, விசுவாசம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது போல என்றார். ஜன்னல் திறந்திருந்தது. மூட்டுவலியைவிட அந்த வார்த்தை பல மாதம் வலித்தது. என் சுகத்துக்காக நான் எவ்வளவு அழுதிருப்பேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த நாட்களில்தான், நோயாளிகளுக்காக நீங்கள் எழுதி 1933-ல் புத்தகமாக வந்த கடிதங்கள் கைக்குக் கிடைத்தன. நோயாளிகளுக்கென்று நல்ல சுகத்தோடு இருப்பவர்கள் எழுதியவை உங்களைத் தொடவில்லை என்று அதில் சொல்லியிருந்தீர்கள். நோயில் கிடப்பவர், நோயில் கிடப்பவருக்கு எழுத வேண்டும் என்றீர்கள். அன்று முதல் முறையாக ஒருவர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. நீங்கள் சுகம் கேட்டு ஜெபிக்காதவர் அல்ல. உங்கள் வலதுகையாக இருந்த பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் வந்தபோது எல்லாரும் ஜெபித்தீர்கள். 1915-ல் அவர் இறந்தார். உங்கள் விசுவாசத்தில் குறை என்று எந்த வாசலில் நின்று யார் சொல்லிவிட முடியும்?

அந்தப் படுக்கையில் பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினீர்கள். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்தச் சின்னச் சீட்டுகள். பிள்ளைகளுக்கு, உடன் ஊழியர்களுக்கு, யார் மனம் சோர்ந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் ஒரு சீட்டு. தோட்டம் வரைகூட நடக்க முடியாதவர், அத்தனை வீடுகளுக்கும் போய்க்கொண்டே இருந்தீர்கள்.

1951 ஜனவரி 18-ல் உறங்கினீர்கள். உங்கள் கல்லறைமேல் நினைவுக்கல் கூடாது என்று சொல்லியிருந்ததால், பறவைகள் நீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்து, பிள்ளைகள் உங்களைக் கூப்பிட்ட பெயரை மட்டும் அதில் எழுதினார்கள். ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. வெயில் தாழ்ந்த பிறகு, காரில் தலையணை அடுக்கிக்கொண்டு.

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் ஒரு பெரியம்மா, பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார். அவருக்கு ஆறுதலாக ஏதாவது எழுது என்று எல்லாரும் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வசனம் எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். நேற்று ஒரு வரி மட்டும் எழுதி அவர் பேத்தியிடம் கொடுத்தேன்: ராத்திரி மூணு மணி வரை எனக்குத் தூக்கமே இல்லை பெரியம்மா, உங்களுக்கு?

மத்தியானம் பேத்தி ஓடிவந்து பதில் சொன்னாள். நாலு மணி வரையாம். நாளைக்கும் எழுதச் சொன்னாராம்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து உங்கள் பேத்தி முறையில் ஒருத்தி