பூட்டியைத் தேடித் தந்தவர்களுக்கு நன்றி

சுங்கை சிப்புட் உறவுகளுக்கும் லண்டனில் இருந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் பூட்டி, அதாவது பாட்டியின் அம்மா, மலாயாவில் ரப்பர் தோட்டத்துப் பெரிய பங்களாவில் ஆயா. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை லீவில் சீமைக்குப் போனபோது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவரையும் கப்பலேற்றிப் போனார் என்று பாட்டி சொல்வார். அதற்கு மேல் எங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது.

பால்மரம் வெட்டியவர்களுக்குச் செக்ரோல் என்ற பேர்ப் பதிவேடு இருந்தது, பெரட்டில், அதாவது காலையில் ஆள் சேர்க்கும் இடத்தில், பேர் கூப்பிட்டார்கள். பங்களா ஆட்களோ துரை வீட்டுக் கணக்கு. 1921 மலாயா மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையிலும் இனவாரியாக, தொழில்வாரியாக எண்ணிக்கைதான் உண்டு, ஆள்பேர் கிடையாது. அதைக் கோலாலம்பூரில் தேடி எடுத்துக் கொடுத்த நூலக அம்மையார்தான், "வேலைக்காரங்களை அவங்க முதலாளி பேர்ல தேடுங்க, இங்கிலாந்துக் கணக்கெடுப்பைப் பாருங்க" என்று வழி காட்டினார். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

ஆனால் துரையின் பேர்? தோட்டத்து ஜனங்கள் அவருக்கு வைத்த பட்டப்பேர்தான் எங்களுக்குத் தெரியும். தோட்டத்துக் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணியார், எண்பது வயதைத் தாண்டிய கண்ணோடு, கறையான் அரித்த பழைய கணக்குப் புத்தகத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் துரையின் கையெழுத்தைப் படித்துச் சொன்னார். ஐயா, நீங்கள் இல்லாவிட்டால் ஓரடிகூட நகர்ந்திருக்க மாட்டோம்.

மீதியெல்லாம் லண்டனில் இருக்கும் என் சித்தி மகளின் உழைப்பு. நாடு திரும்ப வழியில்லாத ஆயாக்கள் தங்கிய இல்லம் லண்டன் ஹாக்னியில் இருந்தது. 2022-ல் அங்கே நினைவுப் பலகை வைத்தார்கள். முதலில் அங்கே தங்கியவர்கள் பட்டியலைப் பார்த்தாள், பூட்டி இல்லை. பிறகு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். இங்கிலாந்தின் 1921 கணக்கெடுப்பு நூறு வருடம் பூட்டிக்கிடந்து 2022 ஜனவரியில்தான் திறந்தது. 1931-ஆம் ஆண்டுத் தாள்கள் 1942-ல் தீயில் போயின. 1941-ல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. பூட்டி வேறு வருடம் போயிருந்தால் இந்தத் தடயமும் இல்லை.

1921 ஜூன் 19 என்று தேதியிட்ட படிவம். துரையே கைப்பட எழுதியது. அவர், துரைசாணி, பேராக்கில் பிறந்த இரண்டு பிள்ளைகள். கடைசி வரியில், பெயர் எழுதும் கட்டத்தில் 'ஆயா' என்று மட்டும். உறவு: வேலையாள். பிறந்த இடம்: திருச்சி, மெட்ராஸ் மாகாணம். பிள்ளைகளின் வயதை மாதக் கணக்குவரை எழுதியவர், பூட்டிக்கு வருடத்தை மட்டும் போட்டு மாதத்தைக் காலியாக விட்டிருக்கிறார். தன் பிள்ளைகளை இடுப்பில் சுமந்தவளின் பேரைக் கேட்டு எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

என் தங்கை அதோடு விடவில்லை. பினாங்கில் ஏறி இங்கிலாந்தில் இறங்கியவர்களின் கப்பல் பட்டியலைப் புரட்டி, அதே துரை குடும்பத்துக்குக் கீழே, எழுத்துச் சிதைந்திருந்தாலும் பூட்டியின் பேரைக் கண்டுபிடித்தாள். போனில் படித்துக் காட்டியதும் சின்னப் பாட்டி, "எங்கம்மா பேருதான்டா, இன்னொரு தடவை சொல்லச் சொல்லு" என்றார். அவர் இருக்கும்போதே இது கிடைத்ததற்கு உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும் பங்களாவில் ஆயாவாக, சமையலாளாக, தோட்டக்காரராக இருந்தவர்கள் உண்டென்றால், துரையின் பேரை மட்டும் எப்படியாவது தேடிக்கொண்டு வாருங்கள். என் தங்கை பார்த்துச் சொல்கிறேன் என்கிறாள். கிராணியாரும் அந்தக் கணக்குப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.