ஏரிக்கரைச் சிவாலயத் திருப்பணி நிறைவு அறிக்கை

உபயதாரர்களுக்கும் ஊர்ப் பொதுமக்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

விமானம், மதில், மடைப்பள்ளி, தளவரிசை ஆகிய வேலைகள் நிறைவுற்றுக் கும்பாபிஷேகமும் நடந்தேறியது. இனி, கேட்கப்படும் இரு கேள்விகளுக்கு வருவோம்.

முதலாவது, தாமதம். நம் ஊர் வீராணம் ஏரியின் கீழ்க்கரையில் இருக்கிறது. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியே தண்ணீர் வந்து ஏரி தன் முழு மட்டமான 47.5 அடியை நெருங்கிவிட்டால், கரையடிக் களிமண் முழுவதும் ஊறிவிடும். கருவறைக்கு முன்னுள்ள அர்த்தமண்டபத்தின் தென்புறம் தாழ்ந்ததற்கும் அந்த ஊறலே காரணம் என்பது ஸ்தபதியின் கருத்து. 2004 முதல் சென்னைக்கும் இங்கிருந்து குடிநீர் செல்வதால், கோடையிலும் இயன்றவரை ஏரியில் நீரைத் தேக்கியே வைக்கிறார்கள். ஏரி வற்றாமல் அடித்தளத்தைத் திறக்க முடியாதென்று ஒரு கோடையை விட்டு அடுத்த கோடைக்குக் காத்திருந்தோம். அதைக் காலங்கடத்தல் என்று பேசியவர்கள், ஊறிய மண்ணில் கல் நிற்குமா என்பதைத் தங்கள் வீட்டுக் கொல்லையிலேயே பார்த்திருப்பார்கள்.

இரண்டாவது, கூடுதல் செலவு. பல தலைமுறைச் சுண்ணாம்பு படிந்த கருங்கற்களை மணல் வீச்சு இயந்திரத்தால் சில நாள்களில் சுத்தம் செய்துவிடலாம் என்றார் முதல் ஒப்பந்தக்காரர். கோயில்களில் அம்முறைக்குத் தடை உண்டு என்று எடுத்துச் சொல்லியும், மறுநாளே அவர் இயந்திரத்தை இறக்கினார். அடித்தளக் கல்வரிசைகளுள் ஒன்றான குமுதப்படையில் கல்வெட்டு எழுத்துகள் இருக்கின்றன. மணல் பட்டால் அவை மழுங்கிவிடும். வேலையை நிறுத்தினோம், அவர் முன்பணத்தைத் திருப்பித் தராமலே விலகினார். பின்னர் ஆள்வைத்துத் தண்ணீரும் நார்த் தூரிகையும் கொண்டு ஒவ்வொரு கல்லாகத் துலக்கியதற்குக் கூலி பன்மடங்கானது உண்மை. அந்தப் பணம் வீண் என்று குழு கருதவில்லை.

தலவரலாற்றுப் பலகையில், கோயிலை இராசாதித்தனே கட்டினான் என்று எழுதும்படி சிலர் வற்புறுத்தினர். முதலாம் பராந்தகன் (907–955) காலத்தில் அவன் மகன் இராசாதித்தன் ஏரியை வெட்டுவித்தான் என்பது வழிவழி வரும் செய்தி. 949இல் தக்கோலப் போரில் யானைமேல் துஞ்சிய அந்த இளவரசன் மீது எங்களுக்கும் பெருமிதம் உண்டு. ஆயினும் துலக்கிய கற்களில் நிலக்கொடையும் விளக்கெரிக்கும் நெய்க்காக விட்ட ஆடுகளுமே தெரிவதால், அவற்றை மட்டும் எழுதினோம்.

கருங்கல் தந்த வடக்குத்தெருவார், விமானக் கலசம் தந்த சிங்கப்பூர்வாழ் ஊரார், மணியை வார்த்துத் தந்த ஆசிரியர் குடும்பம், அன்னதான அரிசி தந்த பாசனதாரர்கள், நாள்தோறும் நீர் சுமந்த மகளிர் குழுவினர், ஏரியில் வலைவீசும் குடும்பத்தார் அனைவருக்கும் நன்றி.

தணிக்கை செய்த கணக்கு கோயில் அலுவலகத்தில் உள்ளது. ஐயமுள்ளோர் ரசீதுடன் வந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். முன்பணத்தை மீட்பதற்கான வழக்கை அடுத்த குழு தொடர வேண்டும்.