புள்ளைங்க கீழ விழுறத பத்தி உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்ங்க

வணக்கம்ங்க. அஸ்தம்பட்டில நம்ம டே கேருக்கு புள்ளைங்கள அனுப்புற எல்லா அப்பா அம்மாவுக்கும், கூப்பிட வர்ற தாத்தா பாட்டிக்கும் இந்த மடல்.

போன வாரம் ரெண்டு வயசு பையன் ஒருத்தனுக்கு நெத்தி புடைச்சிருச்சு. உடனே போன் பண்ணி சொல்லிட்டோம், ஆனா அவங்கம்மா வந்து பாத்ததும் "நாலு பேர் இருக்கீங்க, ஒருத்தர் கூடவா பாக்கல"ன்னு கேட்டாங்க. பெத்தவங்க கேக்கத்தான் செய்வாங்க, எங்களுக்கு வருத்தம் இல்ல. நடந்தது என்னன்னா இங்க புள்ளைங்கள பாத்துக்கற அக்கா அவனுக்கு ரெண்டடி தள்ளிதான் ஒக்காந்து இன்னொரு பாப்பாவுக்கு வாழைப்பழம் ஊட்டிட்டு இருந்தாங்க, இவன் பந்து பின்னாடி ஓடி பாய் ஓரத்துல கால் தடுக்கி, அக்கா கை நீட்டுறதுக்குள்ள தலை தரைல பட்டுருச்சு. அந்த வயசுல ஒடம்பு அளவுக்கு பாத்தா தலை பெருசு, கனமும் ஜாஸ்தி, அதான் தலகுப்புற விழுறாங்க. ஐஸை துணில சுத்தி வச்சோம். தலைல அடிபட்டா ஒரு நாள் முழுக்க கவனிக்கணும்ங்க, திரும்ப திரும்ப வாந்தி எடுத்தாலோ எழுப்ப எழுப்ப மயங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

அப்புறம் கடிக்கிறது. ஒன்னுலேர்ந்து மூணு வயசு வரைக்கும் இது சகஜம், பேச்சு வராத கோவம், பல் மொளைக்கிற அரிப்பு, பொம்மைக்கு சண்டை. தோல் கிழிஞ்சிருந்தா சோப்பு தண்ணில நல்லா கழுவி, உங்ககிட்ட சொல்லி, அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டிடலாம். கடிச்சது யாருன்னு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டோம். நாளைக்கு உங்க புள்ள கடிச்சாலும் பேர் வெளிய வராது.

பதினெட்டு புள்ளைங்க ஓடுற எடத்துல சிராய்ப்பே வராதுன்னு நான் வாக்கு குடுத்தா அது பொய்ங்க. கேமரா இருக்கு, ஆனா எப்படி விழுந்தான்னு அப்புறம் பாக்கத்தான் அது உதவும். அதுக்காக எல்லாத்தையும் "புள்ளைங்கன்னா விழத்தான் செய்யும்"னு தள்ளவும் மாட்டோம். கேட் தொறந்து கெடந்து புள்ள ரோட்டுக்கு போறது, பாத்ரூம்ல தண்ணி பக்கெட் நெறஞ்சு நிக்கிறது, சூடான சாம்பார் கை எட்டுற எடத்துல இருக்கறது, வேன்ல தூங்குற புள்ளைய எண்ணாம விட்டுட்டு போறது, இதுல ஒன்னு நடந்தாலும் முழுக்க எங்க தப்புதான், அப்ப நீங்க சட்டைய புடிச்சு கேக்கலாம். அரை பக்கெட் தண்ணி போதும் ஒரு கொழந்த மூழ்க, அதனால எங்க பக்கெட் எல்லாம் எப்பவும் கவுத்துதான் இருக்கும், வந்து பாருங்க.

உங்ககிட்ட ஒன்னே ஒன்னு கேக்கறேன். நம்ம சேலத்துல பொறந்த புள்ளைக்கு கொலுசு போடாத வீடு ஏது, எனக்கும் அந்த சத்தம் புடிக்கும். ஆனா போன மாசம் ஒரு பாப்பா என்னத்தையோ மெல்லுதேன்னு அக்கா வாய தொறந்து பாத்தா கொலுசுலேர்ந்து கழண்ட ஒரு முத்து. தொண்டைல சிக்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சு அன்னிக்கு ராத்திரி தூங்கல நான். முத்து வச்ச கொலுசு, ஊக்கு குத்துன வசம்பு வளையல் ரெண்டையும் வீட்லயே கழட்டிட்டு அனுப்புங்க, சாயங்காலம் போய் போட்டுக்கலாம்.