அக்காவுக்கு, அந்தக் கணவாயைப் பற்றி

அக்கா,

நேற்றோடு ஆறு வருஷம். வரும் ஆகஸ்டில் நான் சுவிஸில் இருக்கும் த்ரியான் கிராமத்துக்குப் போகிறேன். நாம் நிறுத்திய இடத்திலிருந்து தனியாக நடந்து பிரான்சில் ஷாமொனியில் முடிக்கப் போகிறேன். டிக்கெட் போட்டாகிவிட்டது. வேறு யாரோ சொல்லி உனக்குத் தெரியக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஏன் போனோம், யாருக்காகப் போனோம் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். ஆல்ப்ஸில் மோன் பிளாங் மலையைச் சுற்றி மூன்று நாடுகள், 170 கிலோமீட்டர் நடை. அதில் எனக்கு இன்றும் தூக்கத்தில் வருவது ஷாம்பே கிராமத்திலிருந்து ஃபெனெத்ர் தார்பெத் கணவாயில் ஏறி த்ரியானுக்கு இறங்கிய அந்த ஒரு நாள்தான். 1,200 மீட்டர் ஏற்றம், அப்புறம் அதைவிட அதிகமான இறக்கம். போவின் மேய்ச்சல் நிலம் வழியாகச் சுலபமான பாதை இருந்தது. ஜன்னல் என்று பெயர் வைத்த கணவாயைப் பார்க்காமல் வர மாட்டேன் என்றது நீதான்.

பாறாங்கல் குவியலில் பாதை என்று ஒன்றும் இல்லை. கல்லுக்குக் கல் சிவப்பு வெள்ளைக் கோடு மட்டும். நீ உட்கார்ந்தபடியே நகர்ந்து ஒவ்வொன்றாகத் தாண்டினாய். மத்தியானத்துக்கு மேல் இடிமழை வரும் என்று தங்கிய இடத்தில் சொல்லியிருந்தார்கள். மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. "நீ போடா, நான் வந்துடறேன்" என்றாய். போய்விட்டேன்.

கடைசி ஏற்றம் வெறும் சரளை. 2,665 மீட்டரில் அந்தப் பிளவுக்குள் போய் நின்றதும் இடது பக்கம் த்ரியான் பனியாறு தெரிந்தது, வெடிப்பு வெடிப்பாக. தண்ணீர் குடிக்கப் பையைத் திறந்தேன். உள்ளே இரண்டு பாட்டில். உன் பாரம் குறையட்டும் என்று காலையில் நான்தான் வாங்கி வைத்திருந்தேன். உன் நீல பாட்டிலின் மூடியில் நீ சுற்றிய பிளாஸ்திரி, அதில் பேனாவால் உன் இனிஷியல்.

இறங்கி வந்திருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டேன். மழை வரும்போல இருந்தது என்று அப்போது சொன்னேன். அந்தக் கற்களுக்குள் திரும்பப் போக எனக்குப் பயம், அக்கா. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து உதடு காய்ந்து வந்தாய். என் முகத்தைப் பார்க்காமல் பாட்டிலுக்குக் கை நீட்டினாய். என்னை மன்னித்துவிடு.

ஆனால் "தண்ணியையும் எடுத்துக்கிட்டு விட்டுட்டுப் போயிட்டான்" என்று கல்யாண வீடுகளில் சொல்கிறாயே, இத்தாலியில் கூர்மாயூரிலிருந்தே முட்டி வலித்ததை மறைத்தாய் என்று ஒரு தடவையாவது சொன்னாயா? ஷாம்பேயில் கேட்டேன். பஸ் இருந்தது. "ஒண்ணும் இல்லடா" என்றாய். தெரிந்திருந்தால் போவின் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

அன்று ராத்திரி த்ரியானில் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை. சித்தப்பா வீட்டில் எல்லாரும் இதைப் படிப்பார்கள். அம்மாவைப் பற்றி நீ சொன்னது சரி, அவ்வளவுதான்.

இறங்கும்போது வழி முழுக்க என் பைப் பட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தாய். பள்ளிக்கூடத்துக்கு நான் உன் பையைப் பிடித்துக்கொண்டு வந்த மாதிரி. அதை நீ எந்தக் கல்யாண வீட்டிலும் சொல்வதில்லை. நானும்தான்.

இந்தத் தடவை முதல் நாள் கோல் தெ பாம். அங்கே சுவிஸ் முடிந்து பிரான்ஸ் ஆரம்பிக்கிறது. உன் நீல பாட்டில் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. கொண்டு போகவா, உன்னிடம் கொடுத்துவிட்டுப் போகவா?