சோப்பை மாற்றாதே, தண்ணீரைப் பார்

சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

சவரம் பண்ணும்போது சோப்பு நுரை முகத்தில் ஏறியதும் காய்ந்து பொருக்குத் தட்டுகிறது, பிளேடு இழுக்கிறது, வேறு சோப்பு வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. அதே சோப்பும் அதே பிரஷும் இங்கே நன்றாகத்தானே நுரைத்தன? மாறியது தண்ணீர். லண்டன் குழாயில் வருவது சுண்ணாம்புத் தண்ணீர்; கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதுதான். அந்தச் சுண்ணாம்பு சோப்போடு சேர்ந்தால் கரையாத கசடாகிவிடும். அதற்குப் போக மிஞ்சுகிற சோப்புதான் நுரைக்கும். முற்றத்துத் தாழ்வாரத்தில் அண்டா வைத்துப் பிடிக்கிற மழைத்தண்ணீருக்கு இந்த வம்பு கிடையாது.

சந்தேகமிருந்தால் ஒரு நாள் சுண்ணாம்பில்லாத டிஸ்டில்டு வாட்டரில் நுரைத்துப் பார், தெரிந்துவிடும். தினமும் அதை வாங்கிக் கட்டுப்படியாகாது. கெட்டிலில் கொதிக்கவைத்து ஆறித் தெளிந்த தண்ணீரே போதும். அடியில் படிந்த சுண்ணாம்பு தண்ணீரை விட்டுப் போனதுதானே. மீதி நிற்கிற சுண்ணாம்புக்குச் சோப்பைக் கூடுதலாக எடுத்துக்கொள்.

உன்னுடையது பன்றிமுடி பிரஷ். குளிக்கப் போகும்போதே வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போடு. கொதிநீர் வேண்டாம், முடி கெட்டுப்போகும். சோப்பின் மேலும் ஒரு டீஸ்பூன் ஊற்றி வை. குளித்து வருவதற்குள் மூன்றும் ஊறியிருக்கும்: முடி, சோப்பு, உன் தாடி. சோப்பின் மேல் நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, பிரஷைச் சொட்டாத அளவுக்கு இரண்டு மூன்று தரம் உதறு.

இப்போது நுனி மட்டும் படும்படி சோப்பின் மேல் சுற்று. அழுத்தினால் அடிமுடி ஒடியும். நல்ல தண்ணீருக்கு அரை நிமிடம் போதும். நீ அறுபது எண்ணு. முதலில் வரும் பெரிய குமிழிகளைப் பார்த்து நுரை வந்துவிட்டது என்று நிறுத்திவிடுகிறாய் என்று நினைக்கிறேன். அது நுரையே இல்லை. முடி நுனியெல்லாம் ஒட்டிக்கொண்டு, பசை அப்பினதுபோல் ஆகவேண்டும்.

பிறகு கிண்ணத்தில் சுற்று. தண்ணீரை அரை டீஸ்பூன் அரை டீஸ்பூனாக விடு. ஒவ்வொரு தரமும் அது மறைகிறவரை சுற்றிவிட்டு அடுத்ததை விடு. ஆத்தா வெள்ளைப் பணியார மாவில் பால் தெளித்துத் தெளித்துப் பதம் பார்ப்பாளே, அந்தக் கைதான். மாவு நீர்த்தால் பணியாரம் போச்சு. இங்கே அவ்வளவு ஆபத்தில்லை.

தண்ணீர் போதாத நுரை ஆளை ஏமாற்றும். பொங்கி, கொம்பு கொம்பாக நின்று, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சாதா வெள்ளையடித்த சுவர்போல் மங்கிக் கிடக்கும். உன் முகத்தில் காய்வது இதுதான். இன்னும் தண்ணீர் விட்டால் குமிழி அடங்கி, நம் வீட்டு முகப்புச் சுவர்ப் பூச்சில் தெரிகிற மினுமினுப்பு வரும். பிரஷைத் தூக்கினால் நுனி நிமிராமல் லேசாக வளையும். அங்கே நிறுத்து. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொஞ்சம் தேய்த்துப் பார்: வழுக்க வேண்டும், பிசுபிசுக்கக் கூடாது. கண் கண்ணாகக் குமிழி வந்து கழுத்தில் வழிந்தால் தண்ணீர் கூடிவிட்டது. மறுபடி சோப்பில் பத்துச் சுற்று.

முகத்தில் முதலில் வட்டமாகத் தேய், முடி எழும்பும். அப்புறம் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி மேலும் கீழும் இழுத்துச் சமப்படுத்து. பிளேடுக்கு வேண்டியது வழவழப்பு. கனமாக அப்புவதால் ஒன்றும் வராது. நடுவில் காய்ந்தால் பிரஷ் நுனியை மட்டும் நனைத்து இன்னொரு தரம் பூசு.

முடிந்ததும் பிரஷை நன்றாக அலசி, உதறி, காற்றாட வை. ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். சுண்ணாம்புக் கசடு அடிமுடியில் ஏறி விறைத்துப்போனால், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்து அலசு.

முனீஸ்வரன் கோயில் தெருக் கடையில் எனாமல் கிண்ணம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், பிரஷ் தாராளமாகச் சுழலும். ஆத்தா அனுப்புகிற மாவுருண்டைப் பார்சலோடு வரும்.

அன்புடன்,
அப்பச்சி