துணைவரின் வன்முறையிலிருந்து மீண்டவர்களின் உடல்நலத்தை ஆராய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். துணைவரின் வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்கள் தங்கும் ஓர் இல்லத்தில் நான் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். உங்களில் சிலர் எங்கள் இல்லத்துக்கே வந்து அந்தப் பெண்களிடம் பேசியிருக்கிறீர்கள். வேறு பலருடைய கட்டுரைகளை வாசித்து, அவற்றில் கற்றதை என் அன்றாட வேலையில் பயன்படுத்தி வருகிறேன். அந்த நன்றியோடும், அது தரும் உரிமையோடும் ஒரு கோரிக்கையை முன்வைக்கவே இதை எழுதுகிறேன். ஓர் ஆய்வு பலன் தந்ததா என்று தீர்மானிக்கும் அளவுகோலை, அந்தப் பெண்கள் எதை நலம் என்று கருதுகிறார்களோ அதைக் கொண்டு, அவர்களோடு உட்கார்ந்து வகுத்துக்கொள்ளுங்கள். அடி நின்ற பிறகும் அவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடருங்கள்.

உங்கள் துறை சாதித்தது சிறிதல்ல. வீட்டுக்குள் நடக்கும் சொந்த விவகாரம் என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒன்றை மருத்துவத்தின் பொறுப்பாக மாற்றியதில் உங்கள் எண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் 24,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நேரில் கேட்டறிந்து 2005-இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு, இது ஏதோ சில குடும்பங்களின் கோளாறு என்று யாராலும் சொல்ல முடியாமல் போனது. துணைவர் இருந்த அல்லது இருக்கும் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 27 விழுக்காட்டினர், வாழ்நாளில் ஒருமுறையேனும் துணைவரின் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள் என்று அதே நிறுவனம் 2021-இல் மதிப்பிட்டது. நிதி கேட்கும்போதும், மருத்துவர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று வாதிடும்போதும் இந்த எண்களைத்தான் நாங்கள் கையில் எடுத்துக்கொண்டு போகிறோம்.

ஆனால் 2005 அறிக்கையில் இருந்த இன்னொரு செய்தி போதிய கவனம் பெறவில்லை என்பது என் எண்ணம். முந்தைய நான்கு வாரங்களில் வலி இருந்ததா, தலைசுற்றல் இருந்ததா, நினைவாற்றலில் சிரமம் இருந்ததா, நடப்பதும் அன்றாட வேலைகளைச் செய்வதும் கடினமாக இருந்தனவா என்று அந்த ஆய்வில் கேட்டார்கள். வாழ்நாளில் எப்போதாவது துணைவரின் வன்முறைக்கு ஆளானவர்களிடம் இந்தத் தொல்லைகள் கூடுதலாகக் காணப்பட்டன. வன்முறை முடிந்து நெடுங்காலம் ஆன பின்பும் அதன் பாதிப்பு உடலில் தங்கியிருக்கக்கூடும் என்பதே அதன் பொருள். எங்கள் இல்லத்தில் இதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். கணவரைப் பிரிந்து, வேலையும் தேடிக்கொண்டு, குழந்தைகளையும் பள்ளியில் சேர்த்துவிட்ட ஒரு பெண், ஒரே பக்கமுள்ள விண்ணப்பத்தை நிரப்பும்போது பாதியில் பேனாவை வைத்துவிட்டு, மேலே என்ன எழுதினோம் என்று திரும்பத் திரும்ப வாசிப்பார். குழல்விளக்கின் வெளிச்சம் கண்ணில் பட்டால் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொள்வார். நடந்த சம்பவங்களின் தேதிகளை முன்னுக்குப்பின் மாற்றிச் சொன்னதற்காக, விசாரித்த அதிகாரி அவரைப் பொய் சொல்பவர் என்றே முடிவு கட்டினார். பல ஆண்டுகளாகத் தலையில் விழுந்த அடிகளைப் பற்றி அதுவரை எந்த மருத்துவரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

தலையில் விழும் அடியும் கழுத்தை நெரிப்பதும் ஆய்வுகளில் இடம்பெறாமல் இல்லை. வன்முறை எவ்வளவு கடுமையானது என்று வகைப்படுத்த அவை கேட்கப்படுகின்றன. மருத்துவ வரலாறாகக் கேட்கப்படுவதுதான் அரிது. உலக சுகாதார நிறுவனத்தின் அந்தக் கேள்வித்தாளிலேயே, வேண்டுமென்றே கழுத்தை நெரித்தாரா அல்லது சூடு வைத்தாரா என்பது ஒரே கேள்வியாக இருந்தது. எண்ணிக்கைக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். உடலுக்கு அவை இரண்டும் முற்றிலும் வேறான காயங்கள். கழுத்து நெரிக்கப்பட்ட பலருக்குத் தோலில் தடயம் எதுவும் இருக்காது. ஆனால் குரல் கம்மிப்போகும், விழுங்கும்போது வலிக்கும், சில நொடிகள் நினைவு தவறியிருக்கும். கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தால், நாட்கள் கழிந்த பிறகும் பக்கவாதம் வரலாம். துணைவரால் முன்பு கழுத்து நெரிக்கப்பட்டு உயிர் பிழைத்தவர்கள் பின்னர் அவராலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் அதிகம் என்று 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. இவ்வளவு தெரிந்த பிறகும், எத்தனை முறை நெரிக்கப்பட்டது, எவ்வளவு நேரம் நினைவு தவறியது, அதன்பின் தூக்கமும் நினைவாற்றலும் எப்படி மாறின என்று ஒரே பெண்ணிடம் ஆண்டுதோறும் கேட்டு எழுதிவைக்கும் ஆய்வுகள் மிகக் குறைவாகவே உள்ளன. நரம்பியல் ஒரு பக்கமும் வன்முறை ஆய்வு இன்னொரு பக்கமுமாகப் பிரிந்து கிடப்பது இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அளவுகோலைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் எதை அளக்கிறீர்களோ, சில ஆண்டுகளில் அதற்கே நிதியும் பணியாட்களும் ஒதுக்கப்படுகிறார்கள். பிரிட்டனில் இரண்டு நகரங்களின் குடும்ப மருத்துவர்களுக்குப் பயிற்சி அளித்து, 2011-இல் முடிவுகளை வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. பயிற்சி பெற்ற மருத்துவமனைகளிலிருந்து உதவி அமைப்புக்கு 223 பெண்கள் அனுப்பப்பட்டார்கள். பயிற்சி பெறாதவற்றிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் வெறும் 12 பேர். கேட்கத் தெரிந்த மருத்துவரிடம் பெண்கள் பேசுவார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆனால் அந்த ஆய்வு எண்ணியது மருத்துவப் பதிவேடுகளில் இருந்ததை மட்டுமே. அனுப்பப்பட்ட பெண்களின் தூக்கமோ வலியோ பின்னர் என்ன ஆயிற்று என்பதை அது தொடரவில்லை. மறுபுறம், சிகாகோவில் 2012-இல் வெளியான ஆய்வில், கணினி வழியே வன்முறை பற்றிக் கேட்டு, உதவி அமைப்புகளின் பட்டியலைக் கையில் கொடுத்தபோது, ஓர் ஆண்டுக்குப் பிறகு வாழ்க்கைத் தரத்தில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் 2013-இல் வெளியான ஆய்வில் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் ஆலோசனை வழங்கினார்கள். அங்கும் ஓர் ஆண்டு முடிவில் வாழ்க்கைத் தரம் மாறவில்லை, ஆனால் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்திருந்தன. வாழ்க்கைத் தரம் என்ற முதன்மை அளவுகோலில் மாற்றம் இல்லை என்பதாலேயே இத்தகைய முயற்சிகளைக் கைவிட்டுவிடலாம் என்று நிதி தருவோர் முடிவு செய்வதை நான் கேட்டிருக்கிறேன். மனச்சோர்வு குறைந்த ஒரு தாய் காலையில் எழுந்து பிள்ளைகளைக் கிளப்புகிறாள் என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சமாகத் தோன்றலாம். அவளுக்கு அதுவே முதன்மை.

துணைவரை விட்டுப் பிரிந்தாரா என்பதை வெற்றியின் அடையாளமாகக் கொள்ளும் வழக்கமும் மாற வேண்டும். பிரிவை ஒட்டிய காலமே உயிருக்கு மிகவும் ஆபத்தான காலம் என்பதை உங்கள் துறையே நிறுவியிருக்கிறது. சில பெண்கள் காத்திருப்பதே அறிவார்ந்த முடிவு என்று கருதிக் காத்திருக்கிறார்கள். அந்த நாட்களிலும் அவர்களுடைய இரத்த அழுத்தத்துக்கும் முதுகுவலிக்கும் கருப்பை நோய்க்கும் சிகிச்சை தேவைப்படுகிறது. ஆண்களும் ஒருபாலினத் தம்பதியரும் இத்தகைய வன்முறைக்கு ஆளாகிறார்கள்; அவர்களுக்கென வகுக்கப்பட்ட ஆய்வுகள் இன்னும் குறைவு என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஆண்டுக்கணக்கில் பின்தொடரச் சொல்பவள், அதில் உள்ள ஆபத்தையும் சொல்லக் கடமைப்பட்டவள். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே பேச வேண்டும், தனிமை உறுதியான பிறகே கேட்க வேண்டும், ஆய்வின் உண்மையான பொருள் வீட்டிலுள்ள மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்றெல்லாம் உலக சுகாதார நிறுவனம் 2001-இலேயே வழிகாட்டியது. ஆனாலும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் விதிப்படி ஒப்புதல் படிவத்தின் பிரதி ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கப்படுகிறது. அதில் ஆய்வின் தலைப்பு தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அதை வாங்கிய ஒரு பெண் நான்காக மடித்தார், கைப்பையைத் திறந்து பார்த்தார், மூடினார், பிறகு என்னிடம் நீட்டி, “இத நீங்களே வச்சிருங்க அக்கா, என் பைய அவரு தெனமும் பாப்பாரு” என்றார். நேரத்துக்கு ஈடாகக் கொடுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும், நினைவூட்டலாக அனுப்பும் குறுஞ்செய்தியும் இதே போன்றவைதாம். எந்த எண்ணில், எந்த நேரத்தில், என்ன பெயர் சொல்லி அழைக்கலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்லி வைப்பது என்பதை ஒவ்வொரு பெண்ணிடமும் தனித்தனியே கேட்டு, ஒவ்வொரு சந்திப்பிலும் மறுபடி சரிபார்க்க வேண்டும். இதற்கு ஆகும் நேரத்தையும் சம்பளத்தையும் நிதி விண்ணப்பத்திலேயே கேட்டுப் பெறுங்கள். எங்களைப் போன்றவர்களின் நல்லெண்ணத்தை நம்பி விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, முடிவுகளைப் பற்றி. இங்கே வந்து பேசிய பெண்களில் பலர், நான் சொன்னதெல்லாம் என்ன ஆயிற்று என்று பிறகு என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கட்டணம் செலுத்தினால் மட்டுமே வாசிக்க முடிகிற இதழில், அவர்கள் அறியாத மொழியில் அது வெளியாகியிருக்கும். கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்பே, பாதுகாப்பான ஓர் அறையில் அவர்களைச் சந்தித்து, கண்டறிந்ததை வாய்மொழியாகச் சொல்லி, நீங்கள் புரிந்துகொண்டது சரிதானா என்று கேளுங்கள். அதற்கும் முன்னதாக, அடுத்த கேள்வித்தாளின் முதல் வரைவு உங்கள் மேசையில் இருக்கும்போதே, வன்முறையிலிருந்து மீண்ட சிலரை முறையான ஊதியத்தோடு அழைத்து, எந்தக் கேள்வி விடுபட்டிருக்கிறது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். எங்கள் இல்லத்தில் அதற்கு முன்வரும் பெண்கள் இருக்கிறார்கள். சந்திப்புக்கான இடத்தையும், பேசிய பிறகு அவர்களோடு உடனிருக்க ஓர் ஆலோசகரையும் நாங்கள் ஏற்பாடு செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
பாதுகாப்பு இல்லத்தில் பணிபுரியும் ஓர் ஆலோசகர்