கல்லூரியாகக் கட்டப்படாத கல்லூரி

ஆசிரியருக்கு வணக்கம்.

லண்டன் சுற்றுலா பற்றிய உங்கள் கட்டுரை, கிரீனிச்சில் தீர்க்கரேகைக் கோட்டை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டது. குன்றுக்குக் கீழே, தேம்ஸ் கரையில் நிற்கும் பழைய அரச கடற்படைக் கல்லூரியைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

அது கல்லூரியாகக் கட்டப்பட்டதே அல்ல. வயதான, உடல் ஊனமுற்ற மாலுமிகளுக்கான இல்லமாக 1696இல் கட்டத் தொடங்கியது. வடிவமைத்தவர் கிறிஸ்டோபர் ரென். பின்னாலுள்ள அரசி மாளிகையிலிருந்து ஆறு தெரிவதை மறைக்கக் கூடாது என்பது இங்கிலாந்து அரசி இரண்டாம் மேரியின் நிபந்தனை. நடுவே ஒரே பெரிய குவிமாடம் என்ற ரென்னின் ஆசை அதோடு போயிற்று. கட்டடத்தையே இரண்டாகப் பிளந்து, இருபுறமும் ஒவ்வொரு குவிமாடத்தை எழுப்பினார். ஆற்றிலிருந்து பார்த்தால் அந்த இடைவெளிதான் அழகே! முதல் திட்டத்தைவிட இதுவே மேல் என்பேன்.

மாலுமிகள் சாப்பிடத் திட்டமிட்ட கூடத்தில் ஜேம்ஸ் தார்ன்ஹில் 1707 முதல் 1726 வரை ஓவியம் தீட்டினார். சரி, அத்தனை ஆடம்பரத்தில் யார் சோறு போடுவார்கள்? சாப்பாடு வேறிடத்துக்குப் போனது. 1806இல் கடற்படைத் தளபதி நெல்சனின் உடல் அங்கேதான் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

கடற்படைக் கல்லூரி வந்தது 1873இல்தான். அப்புறம் 1962இல், அணுசக்தி நீர்மூழ்கி அதிகாரிகளின் பயிற்சிக்காக, ரென் காலத்துச் சுவர்களுக்குள்ளேயே 'ஜேசன்' என்ற சிறிய அணு உலையை வைத்தார்கள். மக்கள் நெருங்கி வாழும் நகரத்தில்! 1998இல் கடற்படை வெளியேறியது. இன்று பல்கலைக்கழக மாணவர்களும் இசை மாணவர்களும் அங்கே படிக்கிறார்கள். வளாகத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஓவிய மண்டபத்துக்குத்தான் டிக்கெட்.

- வாசகர், தஞ்சாவூர்